கறுப்பு பானெட்டில் மூன்று நேர்கோடுகள்

மெஷினை எப்படிப் பிடிப்பது என்று நம் பெயிண்டர் சலீம், புதிதாகச் சேர்ந்த உங்கள் மூன்று பேருக்கும் காட்டிவிடுவார். வயரைத் தோள்மேல் போட்டுக்கொள்வது, மோதிரம் வளையல் வாட்ச் எல்லாம் கழற்றி வைப்பது, ஓரங்களில் டேப் ஒட்டுவது, துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது எல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். அதை நான் எழுதப்போவதில்லை. அடுத்த மாதம் ஒரு பெயிண்ட் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் சேர்கிறேன். என் பாலிஷிங் மெஷினை உங்களில் யாரோ ஒருவர் கையில் எடுப்பீர்கள். எடுப்பவருக்கு, எப்போது அதைக் கீழே வைக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. ஒரு வார்த்தை சொல்ல வந்து ஒரு கதையே சொல்கிறேன். எனக்குச் சுருக்கமாகப் பேச வராது என்று சலீம் ஏற்கெனவே உங்களிடம் சொல்லியிருப்பார்.

ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்த கையோடு நான் இந்த கார் பெயிண்ட் ஷெட்டுக்கு வந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கோயமுத்தூர் ரோடுகளில் அப்போது ஓடிய கார்களில் பாதிக்கு மேல் வெள்ளை. மீதி சந்தன நிறமோ வெளிர் நீலமோ இருக்கும். கறுப்பு சனீஸ்வரனுக்கு உரியது என்று யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் எங்கள் கை எல்லாமே வெள்ளை வண்டிகளில் பழகிய கை. வெள்ளையில் பாலிஷ் போட்டால் எல்லோரும் கெட்டிக்காரர்கள்தான். கீறல் இருந்தாலும் தெரியாது, மெஷின் ஓடிய தடம் இருந்தாலும் தெரியாது. கறுப்பு வண்டி ஒன்று உள்ளே வந்த பிறகுதான், அதுவரை நாம் செய்தது என்ன என்று நமக்கே தெரியும்.

அந்த வண்டி ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் வந்தது. இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்த மாதிரி உயரம், வெளிநாட்டில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். எதிர் லேத் பட்டறையிலிருந்து இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். நான் கையிலிருந்த டீயைக் குடிக்க மறந்துபோனேன். ஓட்டி வந்த பையனுக்கு இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். பக்கத்து சீட்டில் அவனுடைய அக்கா.

"ஏனுங்க, பாலிஷ் போடறது இங்கதானுங்களா? கொஞ்சம் அவசரமுங்க" என்றான்.

"அவசரமில்லாம இந்த ஷெட்டுக்கு யாரு வந்திருக்காங்க?" என்றார் சலீம். "உள்ள கொண்டாங்க."

கதவிலும் பக்கவாட்டிலும் பெயிண்ட் அருமையாக இருந்தது. எதிர்ப் பட்டறையின் போர்டைக் கதவில் திருப்பிப் படிக்கலாம். பானெட்டில்தான் ஒன்றும் தெரியவில்லை. அடுப்புப் புகை படிந்த கண்ணாடி மாதிரி மங்கிக் கிடந்தது. கிட்டே போய்க் குனிந்து பார்த்தால், சுற்றுச்சுற்றாக ஆயிரக்கணக்கான மெல்லிய கீறல்கள்.

"என்னுங்க ஆச்சு?" என்று கேட்டேன்.

"பூனை ஏறிடுச்சுங்க" என்றான் பையன்.

"பூனை இல்லீங்க" என்றாள் அக்கா. "நாந்தான்."

அவள் பெயர் பூங்கொடி. பையன் கார்த்தி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கணவர் மில் மெஷின்களுக்கு உதிரி பாகம் செய்யும் பேக்டரி வைத்திருக்கிறார். பம்பாய்க்குப் போயிருந்தார். ஆயுத பூஜையன்று மாமியார், வீட்டிலிருந்த எல்லா வண்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது இதற்கும் தாராளமாக அப்பிவிட்டார். அது வாரம் முழுக்கக் காய்ந்து சுண்ணாம்பாகப் பிடித்துக்கொண்டது.

"அவரு வர்றதுக்குள்ள வண்டி பளிச்சுனு இருக்கோணும்னு நெனச்சனுங்க. வேலைக்காரம்மா கையில குடுத்தா கீறிப்போடுவாங்கன்னு நானே தேச்சேன்."

"எதுலீங்க தேச்சீங்க?"

"தேங்கா நாருல. பாத்திரம் தேய்க்கிற பொடி போட்டு."

சலீம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால். குத்துவிளக்கை அப்படித்தான் தேய்ப்போம், உருளியை அப்படித்தான் தேய்ப்போம். எது விலை உயர்ந்ததோ, எது பளபளக்க வேண்டுமோ, அதை நம் வீடுகளில் அப்படித்தான் தேய்க்கிறோம். அக்கறை இருந்தால் இன்னும் அழுத்தித் தேய்ப்போம். அந்த பானெட்டில் இருந்தது அத்தனையும் அக்கறை.

"மச்சான் சாயங்காலப் பிளேன்ல வாராருங்க" என்றான் கார்த்தி. "அதுக்குள்ள முடிச்சுக் குடுத்துப்போடுங்க அம்மணி. அவரு இந்த வண்டியப் பொண்டாட்டிக்கு மேல வச்சிருக்காரு."

"டேய்" என்றாள் பூங்கொடி. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். "இந்த வண்டிய வேற யாரும் தொடவே விடமாட்டாருங்க. எனக்கு நல்லா ஓட்டத் தெரியும். அப்பா ஊட்டுல டிராக்டர் ஓட்டியிருக்கேன். கேட்டுக் கேட்டு, இந்தத் தடவைதான் சாவிய என் கையில குடுத்துட்டுப் போனாரு. இதைப் பார்த்தா இனி எதையும் என் கையில குடுக்கமாட்டாருங்க."

அன்றைக்கு எங்கள் முன்னால் இருந்த வேலை அதுதான். பானெட்டில் நெளிசலோ ஓட்டையோ விழுந்தால் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. ஒருவர் கையில் ஒன்றை நம்பிக் கொடுப்பதற்கு இன்ஷூரன்ஸ் கிடையாது.

முதலில் ஒரு மூலையில் கைக்குட்டை அளவு இடத்தில் லேசான காம்பவுண்ட் பசை வைத்து மெஷினை ஓட்டிப் பார்த்தேன். நார்க்கீறல் மேலோட்டமானது. போய்விட்டது. எனக்குப் பரபரப்பு தாங்கவில்லை. வெள்ளையிலேயே வேலை பார்த்துச் சலித்த கைக்குக் கறுப்பில் வெளிச்சம் திரும்பி வருவதைப் பார்ப்பது, பனி விலகுவதைப் பார்ப்பது மாதிரி இருந்தது. சலீம் பானெட்டின் நடுவில் எழும்பி நின்ற மேட்டு வரியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏம்மா டிப்ளமோ, இந்த முதுகுல ஏற்கெனவே யாரோ நெறைய மெஷின் ஓட்டியிருக்காங்க. பெயிண்டு மெலிஞ்சிருக்கு. பாத்துக்க" என்றார். எனக்கும் அது தெரிந்தது. அங்கே டேப் ஒட்டினேன்.

பூங்கொடி கிட்டே வந்து பார்த்தாள். "முந்தானைய இழுத்துச் செருகிக்குங்க, இது சுத்துறப்ப எதையும் விடாது" என்றேன். உடனே செருகிக்கொண்டு ஓர் அடி பின்னால் போய் நின்றாள்.

இப்போது நம் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் லேத், மில்லிங், மோட்டார் பம்பு பட்டறைகள். எல்லாம் ஒரே டிரான்ஸ்பார்மரில். பகலில் வோல்டேஜ் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். மெஷின் சோம்பலாகச் சுற்றும். அதனால் நாங்கள் எல்லோரும் காலையில் வந்ததும் வேகத் திருகைக் கடைசி வரை திருப்பி வைத்துவிடுவோம். அதுதான் எங்களுக்குச் சரியான வேகம். திருகில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. மத்தியானம் மில் சங்கு ஊதும், எல்லாப் பட்டறையும் சாப்பாட்டுக்கு நிற்கும், நாங்களும் நிறுத்திவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்போம். சங்குக்குப் பிறகு இந்த மெஷின் எப்படி ஓடும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் நாங்கள் ஒருநாளும் ஓட்டியதில்லை.

சங்குக்குக் கொஞ்சம் முன்னால் பானெட் ஏறக்குறைய முடிந்துவிட்டது. மெஷின் ஓட்டிய இடத்தில் சுற்றுக்கீறல் ஒன்றுகூட இல்லை. ஷெட்டின் தகரக் கூரை, டியூப்லைட், குனிந்து பார்க்கும் என் தலை எல்லாம் உள்ளே தெரிந்தன. மூன்றே மூன்று கோடுகள் மட்டும் போகவில்லை. வண்டியின் மூக்கிலிருந்து முன்கண்ணாடி நோக்கி, நேராக.

"அதையும் எடுத்துப்போடுங்க அம்மணி" என்றான் கார்த்தி. "ஒரே ஒரு இழுப்பு."

"ஆழமா இருக்குதுங்க."

"அதான் மெஷின் இருக்குதுல்ல. கொஞ்சம் அழுத்துங்க."

வாடிக்கையாளர் அழுத்தச் சொல்வார். எப்போதும் சொல்வார். சொல்பவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்கே அந்த ஆசை இருந்தது என்பதுதான் விஷயம். தொண்ணூற்றொன்பது பங்கு வேலை முடிந்து ஒரு பங்கு மிச்சம் நிற்கும்போது கை நம்முடைய பேச்சைக் கேட்காது. இன்னும் கொஞ்சம் கரகரப்பான காம்பவுண்டை எடுத்துத் தடவினேன். மெஷின் முனையில் சுற்றும் மெத்தைத் தட்டை, அதுதான் பஃப், முதல் கோட்டின் மேல் வைத்து மெஷினை ஓட்டினேன்.

சங்கு ஊதியது. அவசரத்தில் நான் நிறுத்தவில்லை. தெருவில் ஒன்றன் பின் ஒன்றாக மோட்டார்கள் நின்றன. அடுத்த கணம் என் கையிலிருந்த மெஷினின் சத்தம் மாறியது. அதுவரை வண்டு மாதிரி முனகிக்கொண்டிருந்தது, விசில் மாதிரி ஏறியது. பிடி கையிலிருந்து துள்ளியது. யோசிக்க நேரமில்லை. சுவிட்சைத் தேடாமல் மெஷினை அப்படியே மேலே தூக்கினேன். சலீம் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார்.

சுவிட்சை அணைத்துவிட்டுத் தூக்கலாம் என்று நினைக்காதீர்கள். அணைத்த பிறகும் வேகம் குறைந்து நிற்கும் வரை அதே இடத்தில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், அதற்குள் பெயிண்ட் வெந்துவிடும். முதலில் தூக்குங்கள். அணைப்பது பிறகு.

புறங்கையை பானெட்டில் வைத்துப் பார்த்தேன். தோசைக்கல்லைத் தொட்டதுபோல் சுட்டது. பெயிண்ட் மேலே லேசாக மங்கியிருந்தது. உள்ளே இறங்கவில்லை.

"வெந்துபோச்சுங்களா?" என்றாள் பூங்கொடி மெல்ல.

"இல்லீங்க. தப்பிச்சிருச்சு."

"எல்லாரும் லேத்த நிறுத்துனா கரண்டு பூராவும் நம்மளுக்குத்தான் வருமாட்டிருக்குது" என்றார் சலீம். "இத்தன வருஷமா சோறு திங்கற அவசரத்துல இதைக் கவனிக்கவே இல்ல பாரு."

இன்றைக்கு நம் ஷெட்டில் நீங்கள் பார்க்கும் ஸ்டெபிலைசர் அந்த மாதத்தில் வாங்கியது. ஆனாலும் அதை நம்பிக் காதை மூடிக்கொள்ளாதீர்கள். மெஷின் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரிவதற்குள் தாமதமாகிவிடும். காதுக்குத்தான் முதலில் தெரியும். வேலை செய்யும்போது ரேடியோ வேண்டாம் என்று நான் உங்களிடம் சண்டை போட்டதற்குக் காரணம் இதுதான்.

சூடு ஆறக் காத்திருந்தோம். வேறு வழியில்லாத அந்த நேரத்தில்தான் நான் அந்தக் கோடுகளை ஒழுங்காகப் பார்த்தேன். அதுவரை அவற்றை எடுக்க வேண்டிய கோடுகளாகத்தான் பார்த்திருந்தேன். ஹேண்ட் லேம்பைச் சாய்த்துப் பிடித்தேன். மூன்றும் ஒன்றுக்கொன்று சம தூரத்தில் இருந்தன. மூன்றும் முன்னாலிருந்து பின்னால். நாரை வைத்துத் தேய்க்கும் கை இப்படி நேராகப் போகாது, சுற்றித்தான் போகும். இன்னும் குனிந்தேன். மெஷின் படாத இடத்தில் கோட்டின் பள்ளத்துக்குள் வெள்ளையாக ஏதோ காய்ந்து கிடந்தது. நகத்தால் நிமிண்டி எடுத்து விரலில் தேய்த்தேன். வழுவழுவென்றிருந்தது. மெழுகு.

"பூஜைக்கப்புறம் வண்டிக்கு மெழுகு போட்டீங்களா?"

"இல்லீங்களே. அதெல்லாம் அவருதான் போடுவாரு. கடைசியாப் பம்பாய் போறதுக்கு முன்னாடி போட்டாரு."

சலீமும் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "பழசு."

"இந்த மூணும் உங்களுது இல்லீங்க" என்றேன் அவளிடம். "நீங்க தேய்க்கிறதுக்கு முன்னாடியே இருந்திருக்கு. அதுக்கு மேலதான் மெழுகு போட்டிருக்காங்க. மெழுகு மூடி, வண்டியும் எப்பவும் நெழல்லயே நின்னதால கண்ணுக்குத் தட்டுப்பட்டிருக்காது."

கார்த்தி ஒரு துள்ளுத் துள்ளினான். "அக்கா, தப்பிச்ச. பழி பூராத்தையும் மச்சான் தலைல போட்டறலாம்."

"சும்மா இரு." அவள் என்னிடம் கேட்டாள். "நல்லாத் தெரியுமுங்களா?"

"நல்லாத் தெரியுமுங்க."

"எதுல வந்ததுங்க?"

"அது தெரியாதுங்க."

"எது என்னுது, எது இல்லைன்னு மட்டும் ஒருக்காக் காட்டுங்க."

டேப் ஒட்டி மெஷின் படாமல் விட்டிருந்த ஓர் ஓரத்தில் சுற்றுக்கீறலைக் காட்டினேன். பிறகு நேர்கோட்டைக் காட்டினேன். இரண்டின் மேலும் விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டாள், பாடம் படிப்பவள் போல.

சூடு ஆறிவிட்டது. கார்த்தி விடவில்லை. "யாரு போட்டதா இருந்தா என்னங்க, எடுத்துட்டா கேள்வியே வராது."

"கறுப்புக்கு அடியில செவப்பு பிரைமர் இருக்குது தம்பி" என்றார் சலீம். "அது வெளிய வந்துச்சுன்னா பானெட் முழுக்க நான் திருப்பி அடிக்கோணும். காயறதுக்கு ரெண்டு நாளு. உங்க மச்சான் பிளேனு அதுவரைக்கும் மேலயே சுத்திட்டிருக்குமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்த இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன். மெஷின் கையில் இருக்கிறது. வோல்டேஜ் இப்போது தெரிந்துவிட்டது, திருகைக் குறைத்துக்கொள்ளலாம். ஒருவேளை இரண்டு இழுப்பில் கோடு போகலாம். நான் எவ்வளவு பெயிண்டை எடுத்தேன் என்று பஃப்பில் ஒட்டிய கறுப்பைப் பார்த்தால் தெரியும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்ல எங்களிடம் எந்தக் கருவியும் இல்லை. இன்றைக்கும் இல்லை. மிச்சம் தெரியாதபோது, போகுமா போகாதா என்று கேட்பதில் பயனில்லை. போகாவிட்டால் இவள் நிலைமை என்ன என்று கேட்டுக்கொண்டேன். இப்போது மூன்று கோடு நிற்கிறது, அது அவளுடையதல்ல. பிரைமர் தெரிந்தால் அதுவும் அவள் கணக்கில்தான் சேரும், ஏனென்றால் வண்டியை இங்கே கொண்டுவந்தவள் அவள்.

மெஷினைக் கீழே வைத்தேன். மங்கிய இடத்தையும் டேப் ஒட்டிய இடங்களையும் கையாலேயே தேய்த்துச் சரிசெய்தேன்.

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. பூங்கொடி பக்கத்து போன் பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசி, வண்டி இங்கே இருப்பதைச் சொன்னாள். பிளேனிலிருந்து இறங்கி வீட்டுக்கு போன் செய்த கணவர் பீளமேடு ஏர்போர்ட்டிலிருந்து நேராக டாக்ஸியில் ஷெட்டுக்கே வந்துவிட்டார். நெட்டையான மனிதர். பெட்டியைக் கீழே வைத்தார். பொண்டாட்டியைப் பார்ப்பதற்கு முன் வண்டியைப் பார்த்தார்.

ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "யாரு இதைத் தொட்டது?"

"ஒரு பூனைங்க மச்சான்" என்று ஆரம்பித்தான் கார்த்தி.

"பூனை இல்லீங்க" என்றாள் பூங்கொடி. "சந்தனம் காஞ்சுபோச்சுன்னு நாரும் பொடியும் போட்டுத் தேச்சுப்போட்டனுங்க. பானெட்டு பூராவும் சுத்துச்சுத்தாக் கீறல் உழுந்துருச்சு. இவங்க எடுத்துக் குடுத்திருக்காங்க."

அவர் குனிந்தார். கண்ணை பானெட்டோடு வைத்துப் பார்த்தார். தெரிந்தவர்தான், உடனே கண்டுபிடித்துவிட்டார். "இது?"

"அந்த மூணு என்னுது இல்லீங்க."

தான் செய்ததைச் சொன்ன அதே குரலில்தான் செய்யாததையும் சொன்னாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, இது ஏன் போகல?"

"எடுக்கலாமுங்க. கூடவே பெயிண்டும் போயிரும். பழைய கோடு. மெழுகு உள்ள எறங்கியிருக்குது."

"என்னத் தவிர இதை யாரும் தொடறதே இல்லையே" என்றார். பிறகு மழையைப் பார்த்தார். "சரி, இந்தச் சேத்துல வண்டிய எடுக்க வேண்டாம். ராத்திரி இங்கயே நிக்கட்டும்."

டிக்கியைத் திறந்து மடித்து வைத்திருந்த கவர் துணியை எடுத்தார். சலீம் கை நீட்டினார். "விடுங்க பாய், இதை நாந்தான் போடுவேன்" என்றார். மூக்குப் பக்கம் துணியை வைத்து, அதன் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்கண்ணாடி நோக்கி இழுத்தார், பழகிய கையால், ஒரே இழுப்பு.

கிரீச் என்று மெலிதாக ஒரு சத்தம் வந்தது. மழைச் சத்தத்திலும் எல்லோருக்கும் கேட்டது.

அவர் நின்றார். துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். கயிறு கட்டுவதற்காக அதில் வரிசையாகப் பித்தளை வளையங்கள் அடித்திருந்தார்கள். வளையத்தைப் பார்த்தார். அதற்கு நேர் கீழே கோட்டைப் பார்த்தார். அடுத்த வளையம், அடுத்த கோடு.

கார்த்தி வாயைத் திறந்தான். பூங்கொடி அவனை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டான். சலீம் எதையோ தேடுவது போல டப்பாக்களை நகர்த்தினார். நான் என் மெஷினின் வயரைச் சுற்றினேன், ஏற்கெனவே சுற்றியிருந்த வயரை.

அவர் போட்ட துணியை மெதுவாகத் தூக்கி எடுத்தார். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"பூங்கொடி, அந்தப் பக்கம் வந்து முனையப் புடி. வண்டி மேல படாமத் தூக்கிப் புடி."

அவள் சுற்றிக்கொண்டு போய் மறுமுனையைப் பிடித்தாள். விசேஷ வீட்டில் ஜமக்காளம் விரிக்கிறவர்களைப் போல இரண்டு பேரும் துணியைத் தலைக்கு மேல் உயர்த்திக்கொண்டு, ஒருவர் காலடியை ஒருவர் பார்த்தபடி, முன்னாலிருந்து பின்னால் நடந்தார்கள். கடைசியில் அவள் "விடலாமுங்க" என்றாள். விட்டார். துணி சத்தமில்லாமல் இறங்கியது.